மோட்டார் ரூமில் குடித்தனம்

கோம்பையைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலைக்கு அடியிலேயே இருக்கிறது எங்கள் ஊர். நாய்க்குப் பேர் போன ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ‘மழையெல்லாம் அவுகளுக்கு, காத்தெல்லாம் நமக்கு’ என்று வேடிக்கையாகச் சொல்வோம். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் கொடியில் காயப்போட்ட சேலை அடுத்த தெருவில் போய்க் கிடக்கும்.

அந்த மலையடியில் என் அம்மா எனக்கு எழுதி வைத்தது எழுபது செண்டு நிலம். ஒரு பழைய கிணறு, அதன் ஓரத்தில் பத்துக்குப் பதினாலு அடியில் ஒரு மோட்டார் ரூம். பதினாலு வருஷமாக யாரும் உழவில்லை. சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மோட்டார் ரூம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய நிலைமை.

உத்தமபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ரெடிமேட் துணி வந்த பிறகு தையல் கடையில் என்ன மிஞ்சுகிறது என்று உங்களுக்கே தெரியும். குடியிருந்த வாடகை வீட்டை வைகாசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பையன் காலேஜில், பெண் பத்தாம் வகுப்பில், எழுபத்தெட்டு வயசில் இழுப்புக்காரி என் மாமியார். புதுசாக வீடு பார்த்தால் அட்வான்ஸே கண்ணைக் கட்டியது.

“வித்துப்புடுத்தா. வர்ற பணத்துல டவுன்ல ஒத்திக்கு ஒரு வீடு பாரு” என்றார் அண்ணன். புரோக்கர் இரண்டு தரம் வந்துவிட்டுப் போனார். விற்றால் மறுபடி ஒரு செண்டாவது நம்மால் வாங்க முடியுமா என்று நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

“அந்த மோட்டார் ரூமைச் சரி பண்ணிக் குடி போயிருவமா?” என்று ராத்திரி இவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“துணின்னா ஒட்டுப் போட்டுத் தெச்சுருவேன். இது கட்டடமாச்சே!” என்றார்.

“கட்டடத்துக்கும் ஒட்டுத்தாங்க போடணும்” என்றேன். அதோடு முடிவாகிவிட்டது.

அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. “சுடுகாட்டுக்கு வழி எனக்குத் தெரியும். காட்டுக்கு வழி காட்ட வேணாம்” என்று சொல்லி, கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பழைய கட்டடத்தையும் பாழாய்க் கிடந்த நிலத்தையும் திருத்திக் குடியேற நினைக்கும் சகோதரிகள் இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவுமே என்றுதான், நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம், அப்புறம் அரிவாள்

அரிவாளைத் தூக்குவதற்கு முன்னால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சர்வேயரை வைத்து அளந்து நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டால் பக்கத்துத் தோட்டத்தாரோடு மனஸ்தாபம் வராது. முள் வெட்டும்போது வரப்பு எங்கே என்றே தெரியாது. மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் கட்டடம் கட்டவும் நிலம் தோண்டவும் தனி விதிகள் உண்டு. பேரூராட்சி ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சந்தனம், தேக்கு மாதிரி மரம் நின்றால் சொந்த நிலமானாலும் அனுமதியில்லாமல் கை வைக்கக்கூடாது.

இன்னொரு விஷயம். நிலம் என் பேரில் இருந்ததால்தான் விற்பதா, வேண்டாமா என்று என்னைக் கேட்டார்கள். பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு.

என் பையன் இதைக் கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் 1862-ல் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டாராம். 160 ஏக்கர் வரை தரிசு நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் அது அவர்களுக்கே சொந்தம். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும்கூடத் தங்கள் பேரிலேயே நிலம் கேட்கலாம். மண்ணுக் குடிசையில் தனியாக இருந்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட பெண்கள் அங்கே எத்தனையோ பேர். ‘ஆனா, அந்த நிலம் அங்க ஏற்கெனவே இருந்த செவ்விந்தியர்கள்கிட்ட இருந்து பிடுங்கினதும்மா’ என்றும் சொன்னான். எனக்கு அந்தப் பாவம் இல்லை. என்னுடையது என் அம்மா கொடுத்தது.

முள்ளும் செடியும்

தை மாதம் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண் அப்போது இளகியிருக்கும், வேர் சுலபமாக வரும். வெயில் ஏறிவிட்டால் கடப்பாரை இறங்காது.

சீமைக்கருவேலை வெட்டி மட்டும் விட்டால் பிரயோஜனமில்லை. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிடும். தூரோடு பறித்தாக வேண்டும். ஜே.சி.பி. வைத்து ஆறு மணி நேரத்தில் பெரிய மரங்களைப் பிடுங்கினோம். மீதியை நாலு பேர் கூலிக்கு வந்து கையால் செய்தார்கள். கட்டைகளை விறகுக்கு விற்றதில் பதினெட்டாயிரம் கிடைத்தது. ஜே.சி.பி. வாடகைக்கும் கூலியில் ஒரு பாகத்துக்கும் அது ஆயிற்று. கருவேல முள் குத்தினால் அலட்சியம் கூடாது. நுனி முறிந்து உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும். வேலை ஆரம்பிக்கும் முன்பே எல்லாருமாகப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டோம். கனமான செருப்பு இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை.

அடுத்தது உண்ணிச்செடி. பூ அழகாக இருக்கும், ஆனால் ஆடு மாடு தின்றால் ஈரல் கெட்டுவிடும். வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் காயப் போட்டோம்.

எல்லாவற்றிலும் மோசம் பார்த்தீனியம். வெளிநாட்டிலிருந்து வந்து, 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, இன்றைக்கு நாடு முழுக்கப் பரவிவிட்டது. இதைத் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வரும். மகரந்தம் மூச்சில் போனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு அதிகமாகும். அத்தை என்றைக்காவது வருவார்கள் என்ற நம்பிக்கையில் வீட்டைச் சுற்றி முதலில் இதைத்தான் ஒழித்தோம். பூப்பதற்கு முன்பே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, மூக்கில் துணி கட்டிப் பிடுங்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் நாமே விதை தூவின மாதிரி. பிடுங்கிய இடத்தில் ஆவாரையும் தகரையும் வளர விட்டால் அது மறுபடி எழும்பாது.

பூச்சியும் பாம்பும்

மாசி மாதம் வேலை பாதியில் இருக்கும்போது, கூலிக்கு வந்த ஒரு அக்காவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டும் விடவில்லை. மண்டை உடைகிற தலைவலி. அந்த அம்மாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். என் நிலத்தில் வேலை செய்து இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். “எங்கம்மா வேலை பார்த்தீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்கள். புதர் வெட்டினோம் என்றதும், இடுப்பு, அக்குள், மார்புக்கு அடியில் எல்லாம் நன்றாகப் பார்த்தார்கள். சேலைக்கட்டுக்கு அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அந்த அக்காவுக்கே தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைதான் மருந்து. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை ஆரம்பித்து இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்து நாளில் எழுந்து நடமாடினார்கள்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தோம். வெட்டிப் போட்ட புல்லில் உட்காருவதில்லை, படுப்பதில்லை. கழற்றிய துணியைப் புதர் மேல் போடுவதில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு, சோப்பு தேய்த்துக் குளித்து, உடம்பை ஒரு தரம் பார்த்துக்கொள்வது. புதர் வெட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ‘புதரில் வேலை செய்தேன்’ என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

பாம்பும் உண்டு. மோட்டார் ரூமுக்குள் பழைய சாக்குக்கு அடியில் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிப் பிடித்துப் போகச் சொன்னோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-லிருந்து நடக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கடித்தால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது. வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலிகூட இருக்காது. ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. ஆகவே கட்டில் போட்டு, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். கொசுவுக்கும் ஆயிற்று, பாம்புக்கும் ஆயிற்று.

கிணறு

பாழும் கிணற்றில் திடீரென்று ஆளை இறக்கக்கூடாது. உள்ளே கெட்ட வாயு தங்கியிருக்கும். வருஷா வருஷம் எங்கேயாவது ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற அடுத்தவர் குதிக்க, அவரும் போனார் என்று பேப்பரில் படிக்கிறோமே! எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கவே கூடாது என்று அர்த்தம். அணையாவிட்டாலும் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. விளக்குக்குத் தெரியாத விஷ வாயுவும் இருக்கிறது. வேப்பங்கிளையைக் கட்டி மேலும் கீழும் பல தரம் ஆட்டிக் காற்றைக் கலக்கி, பழகிய ஆளை மட்டும், இடுப்பில் கயிறு கட்டி, மேலே மூன்று பேர் பிடிக்க இறக்கினோம். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டக்கூடாது. அந்தப் புகையும் விஷம். யாராவது மயங்கினால் உள்ளே குதிக்காமல் 112-க்குச் சொல்ல வேண்டும்.

தூர் வாரியபின் ஊறிய தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போட்டோம். நல்ல பவுடராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 2½ கிராம் என்பது கணக்கு. எங்கள் கிணறு நாலு மீட்டர் அகலம், தண்ணீர் மூன்று மீட்டர் ஆழம். ஏறக்குறைய முப்பத்தெட்டாயிரம் லிட்டர். நூறு கிராமுக்குள்தான் ஆயிற்று. ராத்திரி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிவை மட்டும் இறக்கிக் கலந்துவிட்டு, மறுநாள் காலையில் தண்ணீர் எடுத்தோம். குடிக்க மட்டும் இன்றைக்கும் காய்ச்சித்தான்.

கூரையும் சுவரும்

மோட்டார் ரூமுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தூள் நுரையீரலில் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம் என்பதால் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதைத் தடை செய்திருக்கிறார்கள். உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசு முழுசாக இறக்கினோம். துண்டுகளைப் பெருக்கித் தள்ளாமல் ஈரத்தோடு சாக்கில் கட்டினோம்.

தகரம் போட்டால் செலவு குறைவு. ஆனால் ஆடிக் காற்றுக்கு ஊரில் பறக்காத தகரம் எது? சித்திரை வெயிலுக்கு உள்ளே உட்காரவும் முடியாது. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய மங்களூர் ஓடு வாங்கினோம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை போட்டு ஆரம்பித்த ஓடு அது. இன்னும் அதை மிஞ்ச ஒன்று வரவில்லை. வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். ‘டங்’கென்று மணி மாதிரி சத்தம் வந்தால் நல்லது. ‘டொக்’கென்றால் விரிசல். காற்றுக்குப் பயந்து கூரையின் ஓரங்களிலும் உச்சியிலும் ஓட்டைச் சாந்து வைத்துக் கட்டிவிட்டோம். மேற்கே ஜன்னல் வைக்காமல், கிழக்கேயும் வடக்கேயும் வைத்தோம். மேற்கு வரப்பில் புங்கையும் வேம்பும் வரிசையாக நட்டிருக்கிறோம், வளர்ந்தால் காற்றுக்கு அணை.

சுவர் விரிசலில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. மேலே கிள்ளினால் போதாது, கல்லைப் பெயர்த்து வேரை எடுத்துப் பூசவேண்டும். உள்ளே கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பைத் தாளிக்கும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். குழந்தைகள் கிட்டவே இருக்கக்கூடாது.

வடக்கே இரண்டு பக்கம் சார்ப்பு இறக்கி, ஒன்றில் சமையல், ஒன்றில் இவருடைய தையல் மிஷின். தோட்டத்துக்கு வரும் இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக்கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கினோம். பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.டி. என்ற உயிர் காக்கும் சாதனத்தையும் மாட்டினோம்.

கழிவறையில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் அனுப்ப முடியுமா? கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளி இரட்டைக் குழிக் கழிவறை. செங்கல்லைத் தேன்கூடு மாதிரி சந்து விட்டுக் கட்டுவார்கள். ஒரு குழி நிறைந்தால் அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டியது. இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகிறது. தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தரம் காலி செய்து தேய்க்கிறேன். டெங்கு கொசு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஏழெட்டு நாள் போதும்.

கணக்கும் பலனும்

சீட்டு எடுத்தது ஒரு லட்சம். என் சங்கிலியை வைத்து வாங்கியது எண்பதாயிரம். கைச்சேமிப்பு எழுபதாயிரம். விறகுப் பணம் போக, எல்லாமாக இரண்டரை லட்சத்தில் முடிந்தது. வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். அதை விட்டால் ஆனி, ஆடி. யாரும் புது வீடு போகமாட்டார்கள்.

அந்த ஆடியில் இரண்டு ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. காற்று மலையிலிருந்து லாரி வருகிற மாதிரி இரைந்தது. இவர் டார்ச்சை வைத்துக்கொண்டு ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு ஓடு நகரவில்லை.

ஆவணியில் கொழுந்தனார் அத்தையைக் கூட்டிவந்தார், ‘ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்’ என்று. வெற்றிலை உரலும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, முருங்கைக்கன்று, அகத்தி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்கள். “தண்ணி நல்லாருக்கு” என்றார்கள். அதுதான் முதல் பாராட்டு. இரண்டு நாள் இரண்டு மாதமாகி, இப்போது இரண்டு வருஷமாகிறது. வடக்கு வரப்பில் பார்த்தீனியம் தலைகாட்டினால் முதலில் பார்த்துக் குரல் கொடுப்பது அத்தைதான்.

போன மாதம் சங்கிலியைத் திருப்பிவிட்டேன். வாடகை மிச்சம், கீரை, காய் மிச்சம் என்று சேர்த்ததுதான். அகத்தியும் கோழியும் கொஞ்சம் காசு தருகின்றன. ரேபிஸ் ஊசி போட்ட ஒரு கோம்பை நாய் வாசலில் படுத்திருக்கிறது. பன்றி கிட்ட வருவதில்லை.

உங்கள் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ இப்படி ஒரு நிலம் முள் மண்டிக் கிடக்கிறதா? விற்பதற்கு முன்னால், ஒரு நாள் கனமான செருப்பைப் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஒருவரோடு போய் முழுசாகச் சுற்றிப் பாருங்கள். கிணறு இருக்கிறதா, சுவர் நிற்கிறதா, பாதை உண்டா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் இருந்தால் அப்புறம் புரோக்கருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கலாம்.